கூப்பிட்டால்தான் ஏறுவார்

என் தொண்டையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையான எங்கள் லயத்தின் கடைசி வீட்டு வாசலில் நின்று நான் தம்பியைச் சாப்பிடக் கூப்பிட்டால், ஆற்றில் குளித்துக்கொண்டிருப்பவர்கள் எல்லாரும் கரையேறிவிடுவார்கள். பொம்பளைப் பிள்ளைக்கு இப்படி ஒரு தொண்டையா என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வார். பள்ளியில் நான் செய்யுள் ஒப்பித்தால் பக்கத்து வகுப்பு ஆசிரியை எழுந்து வந்து கதவைச் சாத்துவார். கல்யாணமாகி ஈப்போவுக்கு, அடுக்குமாடி வீட்டுக்கு வந்த பிறகு, நான் போனை எடுத்தால் கீழ்வீட்டுக்காரர்கள் டிவி சத்தத்தைக் கூட்டிவைத்தார்கள். எங்கே போனாலும் "மெல்லப் பேசு" என்ற இரண்டு சொற்கள் எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும்.

பஸ் நிலையத்தில் ஒரு கம்பெனியின் டிக்கெட் முகப்பில் வேலைக்குச் சேர்ந்தேன். பக்கத்து முகப்பில் ஓர் அக்கா. பத்து காஜா என்ற ஊரிலிருந்து தினமும் வருபவர், மாதா கோயில் பாடகர் குழுவில் பாடுபவர், சில்லறை விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கஞ்சம். ஒருநாள் சில்லறை கேட்டு அவரை நான் கூப்பிட்டபோது, கூடத்தின் மறுகோடியில் கோப்பி குடித்துக்கொண்டிருந்த மேனேஜர் சட்டையில் கோப்பியைக் கொட்டிக்கொண்டார். அதே வாரம் அறிவிப்பாளர் வேலையை விட்டுப் போய்விட்டார். துடைத்த சட்டையோடு வந்த மேனேஜர், இனி நீதான் மைக்கில் பேச வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

ஊரெல்லாம் திட்டித் தீர்த்த தொண்டைக்குக் கண்ணாடி அறை ஒன்று, மின்விசிறி ஒன்று, அழுத்துவதற்குச் சிவப்புப் பித்தான் ஒன்று. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த மைக்கை நான் அவ்வளவு நேசித்தேன். காலையில் முதல் அறிவிப்புக்குப் பித்தானை அழுத்தும்போது, கல்யாண வீட்டில் முதல் பந்தியில் உட்கார்ந்ததுபோல இருக்கும்.

மலாயிலும் ஆங்கிலத்திலும் எப்படி அறிவிக்க வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. எனக்குத் தெரிந்த அறிவிப்பு ஒன்றே ஒன்றுதான், அது பெரட்டு. தோட்டத்தில் விடியலுக்கு முன்னால் தொழிலாளர்கள் எல்லாரும் களத்தில் வரிசையாக நிற்பார்கள். தண்டல் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். பெயருக்கு உரியவர் கையைத் தூக்கி "இருக்கேன்" என்று சொன்ன பிறகுதான் வாளியை எடுத்துக்கொண்டு, பால் இறக்க ரப்பர் மரம் வெட்டப் போக முடியும். தாப்பாவுக்கும் சிலிம் ரிவருக்கும் நடுவில் இருந்த எங்கள் தோட்டத்தில் அந்தத் தண்டல் என் அப்பா. ஒவ்வொரு எழுத்தையும் ஒரே அளவாக வெட்டி வைத்து, கடைசி எழுத்தை மட்டும் எதிர்க் குன்று வரைக்கும் இழுத்துவிடுவார். தூங்குமூஞ்சிகள் கூட அந்த இழுப்புக்கு எழுந்து ஓடி வருவார்கள்.

சின்ன வயதில் ஒருமுறை அவரிடம் கேட்டேன், எல்லார் பேரையும் நீங்க கூப்பிடுறீங்க, உங்க பேர யாரு கூப்பிடுவா என்று. அப்பா முழுக்கால் சிலுவாரின் முனையைக் காலுறைக்குள் செருகியபடி நிமிர்ந்தார். "எம் பேர எவன் கூப்பிடுறது?" என்றார். அவ்வளவு பெருமை.

ரப்பர் தோட்டம் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டமாகி, செம்பனை வீடமைப்புப் பகுதியாகி, அப்பா இப்போது எங்களோடு ஈப்போவில் இருக்கிறார். வாரத்தில் ஒருநாள் தாப்பாவுக்குப் போவார். அங்கே ஒரு கோப்பிக் கடையில் பழைய தோட்டத்து ஆட்கள் கூடுவார்கள். யார் யாருக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது என்று விசாரித்துவிட்டு, எல்லாருமாகச் சீனி போட்ட கோப்பி குடிப்பார்கள். நான் வேலை செய்யும் நிலையத்திலிருந்துதான் அப்பாவுக்கு பஸ். டிக்கெட் வாங்கிக்கொண்டு, என் கண்ணாடி அறைக்கு எதிரே இருக்கும் பெஞ்சில் உட்காருவார். பஸ் கண்ணுக்கு முன்னால் நிற்கும், நெற்றியில் தாப்பா என்று எழுதியிருக்கும், டிரைவர் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு கையாட்டுவார். அப்பா அசைய மாட்டார். அறிவிப்பு வர வேண்டும்.

"கூப்பிடாம எப்படி ஏறுறது?" என்பார்.

அவர் மட்டுமல்ல, பழைய தோட்டத்து ஆட்கள் பாதிப் பேர் அப்படித்தான். அப்பாவைப்போலவே கடைசி எழுத்தை இழுத்துவிடும் என் அறிவிப்பு அவர்களுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. மலாய்க்காரர்களும் குறை சொல்லவில்லை. பிரச்சினை எல்லாம் ஆங்கிலத்தில்தான்.

ஒரு பள்ளி விடுமுறையில், முதுகில் மூட்டை சுமந்த வெளிநாட்டுப் பயணிகள் கூட்டம் ஒன்று வந்தது. தாப்பாவில் இறங்கி, வேறு பஸ் பிடித்துக் கேமரன் மலைக்குப் போக வேண்டியவர்கள். நான் மூன்று முறை ஆங்கிலத்தில் அறிவித்தேன். அவர்கள் போனைப் பார்த்துக்கொண்டு, வாழைப்பழம் உரித்துக்கொண்டு, சாவகாசமாக உட்கார்ந்திருந்தார்கள். பஸ் பாதி காலியாகப் போய்விட்டது. போன பிறகுதான் ஒருவர் எழுந்து வந்து தாப்பா பஸ் எப்போது என்று கேட்டார். நான் அறிவித்தேனே என்றேன். அது ஆங்கிலமா என்று உண்மையிலேயே தெரியாமல் கேட்டார். எனக்கு முகம் எரிந்தது.

சிலர் மேனேஜரிடம் போய்க் கத்தினார்கள். ஒரே ஒரு பெண்மணி மட்டும் கத்தவில்லை. பிலிப்பைன்ஸ்காரர், ஊரில் ஆங்கில ஆசிரியை. அடுத்த பஸ்ஸுக்கு நேரம் நிறைய இருந்ததால் என் அறைக் கதவருகே வந்து நின்று பேச்சுக் கொடுத்தார். ஆங்கிலம் தனக்கும் தாய்மொழி இல்லை, தானும் பட்டுத் தேறியவள்தான் என்றார். அறிவிப்பில் வரும் ஒரு சொல்லை, அட்டென்ஷன் என்பதை, சொல்லிக்காட்டச் சொன்னார். சொன்னேன். அட், டென், ஷன், இதில் எந்தத் துண்டு பெரியது என்று கேட்டார். எல்லாமே பெரியதுதான் என்றேன். அவர் சிரித்துவிட்டு, என் மேசை ஓரத்தில் தொங்கிய தே பொட்டலத்தின், கடையில் பிளாஸ்டிக் பையில் கட்டித் தந்த தேநீரின், கழுத்திலிருந்து ரப்பர் பேண்டைக் கழற்றினார். தே கொஞ்சம் மேசையில் சிந்தியது. இரண்டு கட்டைவிரலிலும் பேண்டை மாட்டிக்கொண்டு அதே சொல்லைச் சொன்னார். முதல் துண்டுக்குப் பேண்ட் தளர்ந்தே கிடந்தது. 'டென்' வந்தபோது விரித்து இழுத்தார். கடைசித் துண்டுக்குப் பழையபடி சுருங்கியது.

அவ்வளவுதான் பாடம். ஒவ்வொரு சொல்லிலும் ஒரு துண்டு எழுந்து நிற்கும். அது நீளும், உயரும், தெளியும். மற்றவை குனிந்துகொள்ளும். எழுந்து நிற்கும் அந்தத் துண்டை வைத்துத்தான் கேட்பவர்கள் சொல்லை அடையாளம் காண்கிறார்கள். நான் எல்லாவற்றையும் நிற்க வைத்து, கடைசியில் நிற்பதைக் குன்றுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். பாவம், அவர்கள் யாரைப் பார்ப்பார்கள்?

எனக்கு இது முதலில் அநியாயமாகப் பட்டது. தமிழ்ப்பள்ளியில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்று படித்து வளர்ந்தவள் நான். அவரவருக்கு உரியதை அவரவருக்குக் கொடுத்துவிட வேண்டும். ஆங்கிலத்தில் ஒரே பிள்ளைக்குப் பிரியாணி, மற்றதுகளுக்கு வடித்த கஞ்சி. அதிலும் எந்தப் பிள்ளைக்கு என்று எழுத்தைப் பார்த்தால் தெரியாது.

மறுநாள் மேனேஜர் அறைக்கு வந்தார். அவர் கெட்டவர் இல்லை, ஆனால் தலைமை அலுவலகம் என்றால் போனில்கூட எழுந்து நின்றுதான் பேசுவார். கோலாலம்பூரில் ஒரு பதிவுக் குரல் இருக்கிறதாம். அச்சு வெல்லம்போல ஒரு பெண் பேசுகிறாளாம். ஆண்டுக் கடைசி விடுமுறையில் தலைமை அலுவலகத்து அம்மையார் ஒருவர் வந்து பார்ப்பார், அதுவரைக்கும் எனக்குத் தவணை. அன்று தாப்பா பஸ் புறப்படும்போது, டிக்கெட் வைத்திருக்கும் ஒரே ஒரு ஆள் பெஞ்சில் மிச்சம் உட்கார்ந்திருந்தாலும், மைக்குக்குப் பதில் அந்தப் பதிவுக் குரல் பெட்டி வரும். நான் சரக்கு அறைக்குப் போக வேண்டும். சரக்கு அறையில் டுரியான் பெட்டியும் கருவாட்டு மூட்டையும்தான் பேச்சுத்துணை. அவற்றிடம் கத்தி என்ன ஆகப்போகிறது? எனக்கு அழுகை வந்தது. கழிவறைக்குப் போய் அழுதேன். அங்கேயும் எதிரொலித்தது.

அழுது முடித்ததும் ரப்பர் பேண்ட் சேர்க்க ஆரம்பித்தேன். நம் ஊரில் அதற்கா பஞ்சம்? நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் ஒன்று, தே பொட்டலம் ஒன்று, கீரைக்கட்டு ஒன்று. மணிக்கட்டில் வளையல்போல அடுக்கிக்கொண்டேன். போன் அகராதியில் ஒவ்வொரு சொல்லாகத் தேடி, எந்தத் துண்டுக்கு மேலே சின்னக் கோடு இருக்கிறது என்று பார்த்து, இழுத்து இழுத்துச் சொல்வேன். ரப்பர் மரம் வெட்டிய குடும்பத்தில் பிறந்துவிட்டு, இத்தனை வருஷம் கழித்து ரப்பரிடம் இங்கிலீஷ் படிக்கிறேனே என்று எனக்கே சிரிப்பு வரும். பேண்ட் அறுந்து மூக்கில் பட்டபோது மட்டும் சிரிப்பு வராது.

அக்கா முகப்பிலிருந்தே என்னைக் கவனித்துக்கொண்டிருந்தார். "ஒரு பாட்டுல எங்க இழுக்கணும், எங்க விழுங்கணும்னு எங்களுக்குப் பழக்கம்லா. நீ ஞாயித்துக்கெழம கோயிலுக்கு வா, ஓசியிலயே கத்துக்கலாம்" என்றார். நான் வந்து பாடினால் மாதாவே காதைப் பொத்திக்கொள்வார் என்றேன்.

ஒரு வேடிக்கையைக் கண்டுபிடித்தேன். புதுச் சொற்கள் சொன்ன பேச்சைக் கேட்டன. கனெக்‌ஷன், டிபார்ச்சர், இமீடியட்லி எல்லாம் இரண்டே நாளில் வழிக்கு வந்துவிட்டன. அடங்காதவை, பிறந்ததிலிருந்து எனக்குத் தெரிந்தவைதாம். டிக்கெட், பிளாட்பாரம், பாசஞ்சர். அவை எங்கள் வீட்டுச் சொற்கள். அம்மாவின் வாயிலிருந்து வந்தவை. அவற்றை ஆங்கிலம் என்று நான் நினைத்ததே இல்லை. பாசஞ்சரை முதல் துண்டில் தூக்கிவிட்டு மற்ற இரண்டையும் விழுங்கச் சொன்னால், சொந்தக்காரரை வாசலில் வைத்து அவமதிப்பதுபோல ஒரு கூச்சம். அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் எத்தனை பேண்ட் அறுந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது.

மெல்ல மெல்லப் பலன் தெரிந்தது. நான் அறிவித்தால் வெளிநாட்டுக்காரர்கள் தலைதூக்கிப் பார்த்தார்கள். பிறகு எழுந்தார்கள். ஒரு கிழவர் எனக்குக் கட்டைவிரலைக்கூட உயர்த்திக் காட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. விமானத்தில் பேசும் பெண்களைப்போலக் குரலை மெல்லியதாக ஆக்கிக்கொண்டேன். ஆங்கிலத்தில் விழுங்கியதோடு விடவில்லை, மலாயையும் மென்மையாக்கினேன், ஊர்ப் பெயர்களையும் பாதி விழுங்கினேன். வீட்டில் சாம்பாருக்கு உப்புப் போதுமா என்று கேட்டால்கூட அதே குரல்தான். என் கணவர் பயந்துபோய், உடம்புக்கு என்ன என்று கேட்டார்.

அந்தச் சமயத்தில்தான் அப்பாவின் தாப்பா நாள் வந்தது. எதிர் பெஞ்சில் உட்கார்ந்தார். நான் என் புதுக் குரலில், இரண்டு மொழியில், அழகாக அறிவித்தேன். வெளிநாட்டுக்காரர்கள் எழுந்து போனார்கள். பஸ் கதவு சாத்திக்கொண்டது. பஸ் போயே போய்விட்டது. அப்பா பையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

நான் ஓடினேன்.

"ஏம்ப்பா ஏறல?"

"நீ கூப்பிடலியே."

"ரெண்டு தடவ சொன்னேன்பா. தாப்பான்னு உங்களுக்குக் கேக்கலியா?"

"கேட்டுச்சு. நீ சொன்ன. கூப்பிடல."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இத்தனை பாடுபட்டு உலகத்துக்கே புரியும்படி பேசக் கற்றிருக்கிறேன், பெற்ற அப்பா மட்டும் வீம்பு பிடிக்கிறார். அன்று இரவு சோற்றைத் தட்டில் தட்டென்று போட்டேன். அப்பா சாப்பிட்டுவிட்டு, அடுத்த வாரம் தாப்பாவுக்குப் போகவில்லை என்றார். அதற்கடுத்த வாரமும் போகவில்லை. முட்டி வலிக்கிறதாம். முட்டிதானா என்று நான் கேட்கவில்லை.

ஆனாலும் அவர் சொன்னது உள்ளே கிடந்து உறுத்தியது. பாத்திரம் கழுவும்போது, யாருமில்லாத சமையலறையில், ஒரு பேண்டை எடுத்து மெல்லிய குரலில் சொல்லிப் பார்த்தேன். அப்போதுதான் கவனித்தேன், நான் பேண்டை இழுக்கவே இல்லை. கொஞ்ச நாளாகவே இழுக்கவில்லை. அது விரலில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த ஆசிரியை இரண்டு காரியம் சொல்லிக் கொடுத்திருந்தார், ஒன்று எழுப்புவது, மற்றொன்று குனிய வைப்பது. நான் குனிய வைப்பதை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தேன். எழுப்ப வேண்டிய இடத்தில் எனக்குக் கூச்சம் வந்துவிட்டது. அது ஆறு வரைக்கும் கேட்ட தொண்டை அல்லவா. மெல்லப் பேசு, மெல்லப் பேசு என்று சொன்ன அத்தனை பேரும் கடைசியில் ஜெயித்துவிட்டார்கள். நான்தான் அவர்களுக்கு மைக்கை வாங்கிக் கொடுத்திருந்தேன். நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

அன்றிலிருந்து இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்தேன். எழுந்து நிற்க வேண்டிய துண்டுக்குத் தொண்டையைத் திறந்துவிட்டேன். ஊர்ப் பெயர்களில் கைவைப்பதை நிறுத்தினேன். அவற்றுக்கு இங்கிலீஷ் அகராதியில் என்ன வேலை? அந்த மண்ணில் எப்படிக் கூப்பிடுவார்களோ அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டிய ஆள் வீட்டில் முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார்.

ஆண்டுக் கடைசி விடுமுறை வந்தது. சொன்னபடியே தலைமை அலுவலகத்து அம்மையார் வந்து தூண் பக்கத்தில் நின்றார். மேனேஜர் அன்று புதுச் சட்டை போட்டிருந்தார், கோப்பியைத் தொடவில்லை. பெஞ்சு நிறைய ஆட்கள். மூட்டையோடு வெள்ளைக்காரர்கள், சீன மாணவர்கள், கைக்குழந்தையோடு ஒரு மலாய்க் குடும்பம். நான் மணிக்கட்டுப் பேண்டுகளைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தபோது, எதிர் பெஞ்சின் ஓரத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார். மடியில் பை, கையில் டிக்கெட். வருவதாகச் சொல்லவே இல்லை. மேனேஜர் விதித்த நிபந்தனையும் அவருக்குத் தெரியாது. நான் வீட்டில் சொல்லியிருக்கவில்லை. 

மலாயில் அறிவித்தேன். பிறகு ஆங்கிலத்தில். அட்டென்ஷனில் 'டென்' எழுந்து நின்றது. பாசஞ்சர் கூட, அந்த அடங்காப்பிடாரி கூட, முதல் துண்டில் நிமிர்ந்து மற்றதைப் பணியவைத்தது. வெள்ளைக்காரர்கள் மூட்டையைத் தூக்கினார்கள். மாணவர்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு ஓடினார்கள். மலாய்க் குடும்பம் குழந்தையின் செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு போனது. அம்மையார் மேனேஜரைப் பார்த்துத் தலையசைத்தார்.

பெஞ்சில் அப்பா மட்டும் இருந்தார்.

டிரைவர் எஞ்சினை முடுக்கினார். மேனேஜர் முகவாயால் அப்பாவைச் சுட்டிக்காட்டி, அந்த ஆள் என்ன, டிக்கெட் இருக்கிறதே என்பதுபோல என்னைப் பார்த்தார். அது என் அப்பா என்று மேனேஜருக்குத் தெரியும், அதனால் இன்னும் மோசம். அக்கா முகப்பைவிட்டு எழுந்து அப்பாவிடம் போகப் பார்த்தார். வேண்டாம் என்று கண்ணாடி வழியாகத் தலையாட்டினேன். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனால் அப்பா ஏறிவிடுவார்தான். ஆனால் அதற்கு மைக் எதற்கு, நான் எதற்கு?

பித்தானை அழுத்தினேன். ஆங்கிலத்தில் கடைசி அழைப்பை ஒழுங்காகச் சொன்னேன். ஊர்ப் பெயர் வந்தபோது பேண்டை விட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, லயத்தின் கடைசி வீட்டு வாசலில் நின்றேன்.

"தாப்பாஆஆ..."

ஒலிபெருக்கி ஒருமுறை கிறீச்சிட்டது. கூடமே திரும்பிப் பார்த்தது. பஸ்ஸுக்குள் உட்கார்ந்துவிட்டவர்கள்கூட சன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள்.

அப்பா எழுந்தார். முட்டி வலிக்கிறவர் மெல்லத்தான் எழுந்தார். எழுந்து, நேராக நின்று, டிக்கெட் பிடித்த கையைத் தோள் இடம் கொடுக்கிற வரைக்கும் மேலே உயர்த்தினார்.

"இருக்கேன்."

அந்த வயதிலும் குரல் குன்று வரைக்கும் போகும்போல இருந்தது. ஆயுள் முழுக்க மற்றவர்கள் பெயரைக் கூப்பிட்டவர், தன்னைக் கூப்பிட ஆளில்லை என்று பெருமைப்பட்டவர், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸை நோக்கி நடந்தார். என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. பெரட்டில் பதில் சொன்னவர்கள் யாரும் தண்டலைத் திரும்பிப் பார்ப்பதில்லை, வேலைக்குப் போய்விடுவார்கள். எனக்குத்தான் கண்ணீர் கண்ணை மறைத்தது. துடைத்துவிட்டுப் பார்த்தபோது பஸ் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது, பெஞ்சு காலியாக இருந்தது.